சிறிய பாப்புவ மொழி ஒன்றின் குடும்பத்தைக் கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

நியூ கினித் தீவிலோ அதைச் சுற்றியுள்ள தீவுகளிலோ சில நூறு பேர் மட்டும் பேசும் ஒரு மொழியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். அது கலைக்களஞ்சியக் கட்டுரையாக இருக்கலாம், முதுகலை ஆய்வேடாக இருக்கலாம், சிற்றிதழுக்கான அறிமுகமாகவும் இருக்கலாம். பெயரும் ஊரும் பேசுவோர் தொகையும் சற்று நேரத்தில் கிடைத்துவிடும். ‘மொழிக்குடும்பம்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். ஒரு தளம் ஒன்று சொல்லும், அடுத்த தளம் வேறொன்று சொல்லும், பழைய நூல் இரண்டையும் மறுக்கும். எது சரி என்று சொல்லித்தர அருகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த மொழிகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதத் தொடங்கியபோது நான் நெடுநாள் அலைந்தது இந்த ஒரு வரிக்காகத்தான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாகத் தருகிறேன். ஒரே ஒரு மொழியை எடுத்துக்காட்டாகக் கையில் வைத்துக்கொள்வோம்: கலமாங். இந்தோனேசியாவின் மேற்குப் பாப்புவாவில், ஃபக்ஃபக் மாவட்டத்தைச் சேர்ந்த காரஸ் தீவில், மாஸ், அந்தாலிசா என்ற இரண்டு ஊர்களில் 2022இல் வெளிவந்த அதன் இலக்கணத்தின்படி ஏறத்தாழ 130 பேர் பேசும் மொழி. அங்கே பிள்ளைகள் இப்போது பாப்புவ மலாய் பேசித்தான் வளர்கிறார்கள்.

முதலிலேயே நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள முதல் மூன்று படிகள் ஒரு பிற்பகல் வேலை. நான்காவது படி, ஆவணங்கள் கைக்கு வரும் வேகத்தைப் பொறுத்து ஒரு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஐந்தாவது படிக்கு அவசரப்படாமல் உட்கார வேண்டும். செலவு என்று பார்த்தால், பொறுமை இருந்தால் பெரும்பாலும் ஒரு ரூபாயும் ஆகாது.

1. பெயரை நம்பாதீர்கள், குறியீட்டைப் பிடியுங்கள்

இந்தப் பகுதியில் ஒரு மொழிக்கு ஐந்து பெயர் இருப்பது சாதாரணம். பேசுவோர் தங்களுக்குள் சொல்லும் பெயர், அண்டை ஊரார் வைத்த பெயர், அரசாங்கம் பதிந்த ஊர்ப்பெயர், முதலில் வந்து சொற்பட்டியல் எடுத்தவர் எழுதிய பெயர் என்று அடுக்கிக்கொண்டே போகும். கலமாங்கைப் பல பட்டியல்களில் ‘காரஸ்’ என்ற தீவின் பெயரில்தான் காண்பீர்கள்.

இங்கே முதல் பொறி. காரஸ் என்பது ஒரே தீவின் பெயர் அல்ல, அந்தச் சிறு தீவுக்கூட்டத்துக்கும் அதுதான் பெயர். அதே கூட்டத்தின் சின்னஞ்சிறு தீவுகளில் உருவாங்னிரின் என்ற இன்னொரு மொழி பேசப்படுகிறது. அது மலாய் சேர்ந்திருக்கும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி, கலமாங்குக்கு இனமொழி அல்ல. ‘காரஸ் தீவுகளின் மொழி’ என்று பொதுப்படையாக எழுதியுள்ள குறிப்பை எடுத்தால் எந்த மொழியின் செய்தி உங்கள் கட்டுரைக்குள் நுழைகிறது என்று தெரியாது.

இரண்டாவது பொறி இன்னும் கடுமையானது: ஒரே பெயரில் இரண்டு மொழிகள். ‘மோர்’ என்ற பெயரில் நியூ கினியின் மேற்கே உள்ள பொம்பெராய் தீபகற்பத்தில் ஒரு பாப்புவ மொழி இருக்கிறது. சென்டராவாசி விரிகுடாவின் மோர் தீவுகளில் அதே பெயரில் ஓர் ஆஸ்திரோனேசிய மொழியும் இருக்கிறது. பெயரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டின் சொற்களும் கலந்து வந்து நிற்கும்.

ஆகவே முதல் வேலையாக இரண்டு குறியீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஐஎஸ்ஓ 639-3 தரத்தின் மூன்றெழுத்துக் குறியீடு. இதை நிர்வகிப்பது எஸ்ஐஎல் என்ற அமைப்பு. குறியீட்டைத் தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. கலமாங்கின் குறியீடு கே-ஜி-வி. மற்றொன்று, உலக மொழிகளின் வகைப்பாட்டையும் நூற்பட்டியலையும் வைத்திருக்கும் க்ளோட்டோலாக் தளம் தரும் குறியீடு, நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் சேர்ந்தது. இனிமேல் எந்த ஆவணத்தைத் திறந்தாலும் அது பேசுவது இந்தக் குறியீட்டுக்குரிய மொழியைத்தானா என்று முதலில் பாருங்கள். குறியீடுகள் வருவதற்கு முந்தைய நூலாக இருந்தால் ஊர்ப்பெயரை வைத்துச் சரிபாருங்கள். வரைபடத்தில் அந்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: நம் எழுத்தில் வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே வடிவம்தான். பெயரைத் தமிழில் எழுதிய பிறகு மூல எழுத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் போகும். குறிப்பேட்டில் மூல வடிவத்தையும் குறியீட்டையும் கட்டாயம் வைத்திருங்கள்.

2. ‘பாப்புவ மொழிகள்’ என்பதைக் குடும்பப் பெயராக எழுதாதீர்கள்

இது ஒரு வரியில் தீர்கிற விஷயம். ஆனாலும் பாதிக் கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன. நியூ கினியிலும் அண்டைத் தீவுகளிலும் பேசப்படும் மொழிகளில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழிகளையும் சேராதவை எல்லாவற்றுக்கும் வைத்த பொதுப்பெயர் அது. அந்தப் பெயருக்குள் பல பத்துக் குடும்பங்களும், உறவே கண்டறியப்படாத தனிமொழிகளும் இருக்கின்றன. நியூ அயர்லாந்து தீவின் கூவோட் ஒரு தனிமொழி. அந்தத் தீவில் ஆஸ்திரோனேசியம் அல்லாத மொழி அது ஒன்றுதான். சேபிக் ஆற்றுப் பகுதியில் காபூன் ஊரின் தயாப் இன்னொரு தனிமொழி. இந்த இரண்டும் ‘பாப்புவ மொழிகள்’தான், ஆனால் உறவினர்கள் அல்ல.

பாப்புவ மலாயும் டோக் பிசினும் இதில் சேராது. முன்னது மலாயின் ஒரு வகை, பின்னது ஆங்கிலச் சொற்களை அடித்தளமாகக் கொண்டு உருவான கலப்பு மொழி. பெயரையும் இடத்தையும் பார்த்து இவற்றைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம்.

3. மூன்று இடங்களில் பாருங்கள், மூன்றையும் அப்படியே பதியுங்கள்

குழப்பம் தொடங்குவது இங்கே. குழப்பத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் அச்சம் போய்விடும்.

க்ளோட்டோலாக்கில் கலமாங்கைத் திறந்தால், நான் பார்த்த பதிப்பில், மேற்கு பொம்பெராய் என்ற சிறு குடும்பத்தில் இருக்கிறது. பெருநிலப்பகுதியின் பஹாம், இஹா ஆகிய மொழிகள் அதன் உறவினர்கள். அந்தக் குடும்பத்துக்கு மேலே எதுவும் இல்லை. உலக மொழிகளைப் பட்டியலிடும் எத்னொலாக் தளத்தின் மரபில் பார்த்தால் அதே மேற்கு பொம்பெராய், டிரான்ஸ்-நியூ கினி என்ற மாபெரும் குடும்பத்தின் மேற்குக் கிளைக்குள் உட்கார்ந்திருக்கும். திமோத்தி அஷரும் அன்டுவானெட் ஷாப்பரும் 2022இல் ஓஷியானிக் லிங்குவிஸ்டிக்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையைத் திறந்தால் மூன்றாவது விடை: மேற்கு பொம்பெராய் மொழிகளும், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் திமோர், அலோர், பந்தார் தீவுகளில் பேசப்படும் பாப்புவ மொழிகளும் சேர்ந்து ‘பெரு மேற்கு பொம்பெராய்’ என்ற ஒரு குடும்பம்.

மூன்று விடைகளுக்கும் பின்னால் மூன்று விதமான கண்டிப்பு இருக்கிறது. க்ளோட்டோலாக்கின் வகைப்பாட்டுக்குப் பொறுப்பான ஹரால்ட் ஹாமர்ஸ்ட்ரோம், உறவு வெளியீட்டில் நிறுவப்படும் வரை மொழிகளைப் பிரித்தே வைப்பார். எத்னொலாக், ஏற்கெனவே ஆய்வாளர்கள் முன்வைத்த பெருங்குடும்பங்களை ஏற்றுக்கொண்டு அவற்றுக்குள் கிளைகளை அடுக்கும். அஷர், ஷாப்பர் போன்றவர்கள் சிறு குழுக்களின் தொல்மொழியை (ஒரு குழுவின் மொழிகள் எல்லாம் பிரிந்துவந்த மூதாதை மொழியை) முதலில் மீட்டுருவாக்கி, அவற்றைத் தமக்குள் ஒப்பிட்டு மேலே ஏறுகிறார்கள். ஒருவர் தவறு, ஒருவர் சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரும் எவ்வளவு ஆதாரம் இருந்தால் ‘ஆம்’ சொல்வார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார் சொன்னது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்பது இருக்க வேண்டும். க்ளோட்டோலாக் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 5.0 பதிப்பு 2024இல் வந்தது, அதற்குப் பின்னும் புதியவை வந்திருக்கின்றன. பதிப்பு எண் இல்லாமல் ‘க்ளோட்டோலாக்கின்படி’ என்று எழுதினால் அடுத்த ஆண்டு அந்த வரியைச் சரிபார்க்க வருகிறவர் திண்டாடுவார்.

விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டியை நான்காவது ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து எடுத்ததாகவே அது இருக்கும், சில வேளை இரண்டையும் ஒட்டவைத்ததாக. அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போவதற்கு மட்டும் அது உதவும்.

4. ஆவணங்களைச் சேகரியுங்கள்: எது இலவசம், எது இல்லை

வகைப்பாட்டைச் சொல்கிற தளத்தோடு நின்றுவிடக் கூடாது, அந்த வகைப்பாடு எந்தத் தரவின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தேவை மூன்று ஆவணங்கள்: அந்த மொழியின் இலக்கணம் (இல்லாவிட்டால் இலக்கணச் சுருக்கம்), ஒரு சொற்பட்டியல் அல்லது அகராதி, உறவை வாதிடும் ஒப்பீட்டுக் கட்டுரை.

க்ளோட்டோலாக் பக்கத்தின் கீழேயே நூற்பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் முழு இலக்கணமா, சுருக்கமா, வெறும் சொற்பட்டியலா என்று வகை குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள். ஒரு மொழிக்கு இருப்பது சொற்பட்டியல் மட்டும்தான் என்றால், அதன் குடும்பம் பற்றி யார் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் நீங்கள் நிதானமாகத்தான் எழுத வேண்டும்.

காசில்லாமல் கிடைப்பவை நிறைய. லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ் வெளியிடும் நூல்கள் அனைத்தும் இலவசக் கோப்புகள். எலீன் விஸரின் கலமாங் இலக்கணம் 2022இல் அங்கேதான் வந்தது. அலோர்-பந்தார் மொழிகள் பற்றி மரியன் கிளாமர் தொகுத்த நூலும், பாப்புவா நியூ கினியின் தென்பகுதிச் சிறுமொழியான கொம்ன்ஸோவின் இலக்கணமும் அங்கே இருக்கின்றன. டிக்ஷனேரியா தளத்தில் விஸரின் கலமாங் அகராதி தேடக்கூடிய வடிவில் இருக்கிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் பசிபிக் லிங்குவிஸ்டிக்ஸ் வரிசையின் பழைய தொகுதிகள் மின்வருடப்பட்டுக் கிடைக்கின்றன. பாப்புவா நியூ கினி மொழி என்றால் எஸ்ஐஎல்லின் அந்நாட்டுக் கிளை பதிவேற்றியுள்ள கள அறிக்கைகளையும் சொற்பட்டியல்களையும் தேடுங்கள். ஒலிப்பதிவு கேட்க வேண்டுமானால் பாரடிசெக் ஆவணக்காப்பகத்தில் இலவசமாகப் பதிவுசெய்துகொள்ளலாம். சில பதிவுகளை ஊர்க்காரர்கள் விருப்பப்படி மூடிவைத்திருப்பார்கள், அதை மதித்து விட்டுவிடுங்கள்.

காசு கேட்பவை: எத்னொலாக்கின் முழு விவரங்களுக்குச் சந்தா வேண்டும். 2018இல் பில் பால்மர் தொகுத்த நியூ கினி மொழிகள் பற்றிய பெருந்தொகுப்பு, இந்தத் துறையில் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் தருவது. ஆனால் தனியாள் வாங்குகிற விலையில் இல்லை. பல்கலைக்கழக நூலகம் வழியாக உங்கள் மொழிக்குரிய இயலை மட்டும் கேளுங்கள். இதழ்க் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற இணையக் காப்பகத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை திரையில் வாசிக்கலாம், எல்லா ஆண்டுகளும் அதில் இருக்காது.

இவற்றில் கிடைக்காததற்கு ஒரே வழி ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது. மொழியின் பெயர், குறியீடு, உங்களுக்கு வேண்டிய கட்டுரை, எதற்காக என்பது ஆகியவற்றை நான்கு வரியில் எழுதுங்கள். இந்தத் துறை மிகச் சிறியது. தாம் பல ஆண்டு உழைத்த ஒரு மொழியைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதுகிறார் என்றால் பெரும்பாலானோர் மகிழ்ந்து அனுப்புகிறார்கள். களப்பணியில் இருப்பவருக்கு இணையம் கிடைக்காமல் பதில் தாமதமாகலாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

5. ஆதாரத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். தாண்டாதீர்கள், சுவையே இங்கேதான் இருக்கிறது.

மூவிடப்பெயர்களிலிருந்து தொடங்குங்கள். கலமாங்கில் ‘நான்’ என்பது அன், ‘நீ’ என்பது க. பன்மையில் ‘நாங்கள்’ இன், ‘நீங்கள்’ கி. முன்னிலையாரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ என்பது பி. உளப்பாட்டுத் தன்மைப் பன்மையைத் தனியே பிரிப்பது நமக்குப் பிறவியிலேயே பழக்கம் என்பதால் இந்தப் பட்டியலை நாம் எளிதில் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு தாளில் இரண்டிரண்டாக எழுதுங்கள்: அன்–இன், க–கி. ஒருமையில் அகரம், பன்மையில் இகரம். மெய் மாறவில்லை, உயிர் மட்டும் மாறுகிறது. மால்கம் ராஸ் 2005இல் நூற்றுக்கணக்கான பாப்புவ மொழிகளின் மூவிடப்பெயர்களைச் சேர்த்துவைத்து ஒப்பிட்டபோது, தொல் டிரான்ஸ்-நியூ கினிக்கு மீட்டுருவாக்கிய வடிவங்களிலும் இந்த அமைப்பே தெரிந்தது: ‘நான்’ ந, ‘நாங்கள்’ நி, ‘நீ’ ங்க, ‘நீங்கள்’ ங்கி. தனியொரு சொல் ஒத்துப்போவதைவிட இப்படி ஓர் அமைப்பே ஒத்துப்போவது வலுவான சான்று. கலமாங்கை அந்தப் பெருங்குடும்பத்தில் வைப்பவர்கள் காட்டுவது இதைத்தான்.

ஆனால் ராஸ் தம் கட்டுரையின் தலைப்பிலேயே இதை முதற்கட்டக் கருவி என்றுதான் சொல்கிறார். மூவிடப்பெயர்களை வைத்து மொழிகளைத் தற்காலிகமாகக் கட்டுகட்டாகப் பிரிக்கலாம். அந்தக் கட்டு குடும்பம்தானா என்பதை ஒலி ஒப்புமைகள் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு இன்னொரு மொழியில் குறிப்பிட்ட ஓர் ஒலி, சொல்லுக்குச் சொல், விதிபோல் வந்துகொண்டே இருக்க வேண்டும். க்ளோட்டோலாக் அதைக் கேட்கிறது. அஷரும் ஷாப்பரும் தருவதாகச் சொல்வதும் அதைத்தான். தொல் அலோர்-பந்தாருக்கு மீட்டுருவாக்கப்பட்ட முன்னொட்டுகளைப் பாருங்கள்: ‘என்’ ந-, ‘எங்கள்’ நி-, ‘நம்’ பி-. கலமாங்கின் ‘நாம்’ என்பதும் பிதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள தீவில் அதே உளப்பாட்டு வடிவம் நிற்பதைப் பார்க்கும்போது இவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் நீங்கள் அந்தக் கட்டுரையின் ஒலி ஒப்புமை அட்டவணைகளைத் திறந்து, ஒவ்வோர் ஒப்புமைக்கும் எத்தனை சொற்கள் சான்றாக நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு சொல்லில் நிற்கும் ஒப்புமை பலவீனமானது, எட்டுப் பத்துச் சொல்லில் நிற்பது வலுவானது.

சொற்பட்டியலை ஒப்பிடும்போது இரண்டு எச்சரிக்கைகள். அலோர்-பந்தார் மொழிகளில் உடலுறுப்புப் பெயர்கள் தனியே வருவதில்லை, உடைமை முன்னொட்டோடுதான் வரும். அலோர் தீவின் அபுயி மொழியில் ‘கை’ கேட்டால் ‘நதங்’ என்று சொல்லலாம். அதில் ந- என்பது ‘என்’, தங் என்பதே கை. முன்னொட்டைக் கழிக்காமல் அடுக்கினால் கை, கண், காது எல்லாமே நகரத்தில் தொடங்குவதாகத் தெரியும், அதைப் பார்த்து வேறொரு மொழியோடு உறவு கொண்டாடிவிடுவோம்.

அடுத்தது கடன்சொல். பொம்பெராய்க் கரையோர மொழிகள் பல நூற்றாண்டுகளாக வணிகத்தின் வழியே ஆஸ்திரோனேசிய மொழிகளோடும் மலாயோடும் புழங்கியவை. பொருட்களின் பெயர்கள், உணவுப் பெயர்கள், பெரிய எண்கள் போன்றவை கடனாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உடலுறுப்பு, ‘சாப்பிடு’, ‘சாவு’, ‘பேன்’, ‘பெயர்’ போன்ற அடிப்படைச் சொற்களில் மட்டும் ஒப்பீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மலாய் அகராதி ஒன்றைப் பக்கத்தில் திறந்துவைத்து ஒவ்வொரு சொல்லையும் சரிபாருங்கள்.

6. நம் காதுக்கு மட்டும் கேட்கும் பொறி

தொல் டிரான்ஸ்-நியூ கினியில் ‘நான்’ என்பதற்கு ந என்று படித்தவுடன் நம்மில் யாருக்கும் ‘நான்’ நினைவுக்கு வரும். நி என்றதும் ‘நீ’ வரும். அந்தக் கணத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ‘நான்’ பழைய வடிவம் அல்ல. சங்க இலக்கியத்தில் வழங்குவது ‘யான்’. திராவிட மொழியியலாளர் மீட்டுருவாக்கும் தொல்வடிவத்திலும் முதலில் நகரம் இல்லை. ‘நாம்’ என்ற பன்மையின் சாயலில் ‘நான்’ பின்னால் உருவானது. நி விஷயத்தில் பொருளே பொருந்தவில்லை: அங்கே அது ‘நாங்கள்’, இங்கே ‘நீ’.

இரண்டு மொழிகளை ஒப்பிடும்போது இன்றைய வடிவங்களை எடுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. நகரம், மகரம், ககரம் போன்ற ஒலிகள் உலகமெங்கும் மூவிடப்பெயர்களில் மலிந்தவை. ஓரசைச் சொல்லில் அவை ஒத்துப்போவது தற்செயலாகவே அடிக்கடி நடக்கும். தமிழ் மேல் உள்ள அன்பினால் இந்த ஒப்புமையை யாராவது உங்கள் கட்டுரையில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தமிழுக்கு அதனால் எந்தப் பெருமையும் கூடிவிடாது. அந்தச் சிறுமொழியைப் பற்றித் தமிழில் இருக்கப்போகும் ஒரே கட்டுரை மட்டும் கெட்டுப்போகும்.

7. பழைய நூலின் ஆண்டைப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்

1975இல் ஸ்டீஃபன் வூர்ம் தொகுத்த வகைப்பாடு நெடுங்காலம் எல்லா வரைபடங்களுக்கும் அடிப்படையாக இருந்தது. அதில் ‘கிழக்குப் பாப்புவம்’ என்று ஒரு பெரும் பிரிவு உண்டு. இன்று அதை ஒரு குடும்பமாக ஏற்பவர் அரிது. அந்தப் பிரிவில் வைக்கப்பட்டிருந்த, சாலமன் தீவுகள் நாட்டின் ரீஃப் தீவுகள், சாந்தா குரூஸ் தீவுகளின் மொழிகளோ பாப்புவ மொழிகளே அல்ல. மால்கம் ராஸும் ஓஷில்ட் நேஸும் 2007இல் ரீஃப் தீவுகளின் ஐவோ மொழியை எடுத்துக்கொண்டு, அது ஆஸ்திரோனேசியத்தின் ஓஷியானியக் கிளையைச் சேர்ந்தது என்று முறையான ஒலி ஒப்புமைகளால் காட்டினார்கள். பழைய கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதினால் உங்கள் கட்டுரையில் ஐவோ இன்னமும் பாப்புவ மொழியாகவே இருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் விதி எளியது. 2005க்கு முந்தைய வகைப்பாடு எதுவானாலும் அதைச் செய்தியாக எழுதாமல், ‘அக்காலத்தில் இவ்வாறு கருதப்பட்டது’ என்றே எழுதுகிறேன்.

8. கட்டுரையில் எழுதும் விதம்

கலமாங்குக்கு நான் எழுதும் வரிகள் இவை: ‘பஹாம், இஹா மொழிகளோடு சேர்ந்து மேற்கு பொம்பெராய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பம் டிரான்ஸ்-நியூ கினியின் கிளை என மால்கம் ராஸ் (2005) மூவிடப்பெயர்களின் அடிப்படையில் முன்மொழிந்தார். திமோர்-அலோர்-பந்தார் மொழிகளோடு நெருங்கிய உறவு உண்டு என அஷரும் ஷாப்பரும் (2022) வாதிடுகின்றனர். க்ளோட்டோலாக் இதைத் தனிக்குடும்பமாகவே வைத்திருக்கிறது.’ யாரும் மறுக்காத மட்டம் முதலில், சர்ச்சைக்குரிய மட்டங்கள் பெயரும் ஆண்டும் ஆதாரமும் சேர்த்துப் பின்னால். இந்த வரிசை எந்தச் சிறுமொழிக்கும் பொருந்தும்.

‘தனிமொழி’ என்பதையும் ‘வகைப்படுத்தப்படாத மொழி’ என்பதையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். போதிய தரவு கிடைத்து, ஒப்பிட்டுப் பார்த்தும் உறவு நிறுவப்படாதது தனிமொழி. ஒப்பிடவே தரவு போதாதது வகைப்படுத்தப்படாதது. ராஸ் போன்றவர்கள் ஒரு குழுவைத் தற்காலிகம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல்லையும் விடாமல் எழுதுங்கள். பாப்புவா நியூ கினியின் ராஸல் தீவில் பேசப்படும் யேலி மொழியை மேற்கு நியூ பிரிட்டன் மொழிகள் சிலவற்றோடு அவர் சேர்த்துவைத்தது அப்படிப்பட்ட ஒன்று. அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு எழுதிய குறிப்புகளில் அது நிறுவப்பட்ட உறவாகவே மாறிப்போயிருக்கிறது.

பேசுவோர் தொகையை ஆண்டு இல்லாமல் எழுதாதீர்கள். 130 பேர் உள்ள மொழியில் பத்து ஆண்டு இடைவெளி பெரிய வேறுபாடு.

9. நேரில் போக நினைப்பவர்களுக்கு

மேசையில் செய்யும் வேலைக்கு எந்த அனுமதியும் வேண்டாம். ஊருக்குப் போய்ச் சொல் சேகரிக்க வேண்டுமானால் கதை வேறு, சுற்றுலா விசாவில் அதைச் செய்யவே கூடாது. இந்தோனேசியாவில் வெளிநாட்டவர் ஆய்வு செய்ய அந்நாட்டின் தேசிய ஆய்வு நிறுவனமான பிரின் அனுமதி தர வேண்டும். 2019ஆம் ஆண்டின் சட்டம் இதைக் கண்டிப்பாக்கியிருக்கிறது. ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், உள்நாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றின் பங்காளர், உங்கள் நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத் தயார்செய்யுங்கள். உள்நாட்டுப் பங்காளரைக் கண்டுபிடிப்பதே நீண்ட வேலை, அதிலிருந்து தொடங்குங்கள். பாப்புவாவுக்குள் இறங்கிய பிறகு உள்ளூர்க் காவல்துறையிடமும் பதிய வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு நகல்களும் புகைப்படங்களும் கூடுதலாகவே கையில் இருக்கட்டும்.

பாப்புவா நியூ கினியில் ஆய்வு விசா விண்ணப்பம் போர்ட் மோர்ஸ்பியின் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வழியாகப் போகும், மாகாண அரசின் ஒப்புதலும் தேவை. இரண்டு நாட்டிலும் பல மாதங்கள் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அனுமதி கைக்கு வரும் முன் விமான டிக்கெட் வாங்காதீர்கள். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணத் திட்டம் போடுகிறவர்கள் பன்னாட்டு விமானக் கட்டணத்தைக் கணக்கிட்டுவிட்டு, உள்நாட்டு விமானத்தையும் படகு எரிபொருளையும் மறந்துவிடுகிறார்கள். தீவு ஊர்களுக்குப் போகும்போது கையைக் கடிப்பது அவைதான். உங்களோடு உட்கார்ந்து மணிக்கணக்காகச் சொல் சொல்பவர்களின் நேரத்துக்குத் தர வேண்டிய தொகையையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

10. பிழை கண்டால் திருத்தம் அனுப்புங்கள்

ஊர் இடம்மாறிக் குறிக்கப்பட்டிருப்பது, ஒரே பெயருள்ள இரண்டு மொழிகளின் நூல்கள் கலந்திருப்பது, ஒரு புதிய இலக்கணம் பட்டியலில் விடுபட்டிருப்பது போன்றவை நிறையக் கண்ணில் படும். க்ளோட்டோலாக்கின் தரவு கிட்ஹப் என்ற பகிர்வுத் தளத்தில் திறந்த நிலையில் இருக்கிறது, இலவசக் கணக்கு வைத்திருக்கும் யாரும் அங்கே பிழையைப் பதியலாம். குறியீடு, பிழை இருக்கும் இடம், சரியான செய்தி, பக்க எண்ணோடு ஆதாரம் ஆகிய நான்கும் இருந்தால் போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் வரும். குடும்ப வகைப்பாட்டையே மாற்றச் சொல்வதானால் வெளியான கட்டுரையைக் காட்ட வேண்டும், தனிப்பட்ட கருத்து செல்லாது. ஐஎஸ்ஓ குறியீட்டைப் பிரிக்கவோ சேர்க்கவோ பெயர் மாற்றவோ வேண்டுமானால் எஸ்ஐஎல் தளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கோரிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டுத்தான் முடிவாகும் என்பதால் காலம் பிடிக்கும். படிவத்தில் பேசுவோர் சமூகத்தின் விருப்பம் என்ன என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள், மதிப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.